ஆறாவது வார்த்தை

காஞ்சிபுரத்தில் பேரருளாளனாகிய வரதனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்தையே பிறவிப் பயனாகக் கொண்டிருந்த திருக்கச்சி நம்பிகளிடம், உள்ளத்தில் சில ஐயங்கள் தீராமல் நின்ற இளம் பருவத்து இராமானுசர் தம் குறையைச் சொல்லிக்கொண்டதும், நம்பிகள் அதைப் பெருமாளிடம் விண்ணப்பித்து ஆறு வார்த்தைகளாக விடை பெற்றுவந்ததும், குருபரம்பரைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதியன அல்ல. பரம்பொருள் இன்னதென்றும், சீவனுக்கும் ஈசனுக்கும் பேதம் உண்டென்றும், சரணாகதியே உபாயமென்றும், சரணடைந்தவனுக்கு மரண காலத்து நினைவு இருந்தே தீர வேண்டுமென்ற நியதி இல்லையென்றும், சரீரத்தின் முடிவில் மோட்சம் என்றும் ஐந்து வார்த்தைகள் தத்துவத்தை நிர்ணயம் செய்துவிட, ஆறாவது வார்த்தையாக வந்தது ஒரு மனிதரின் பெயர். பெரிய நம்பியை ஆசாரியராக அடையவேண்டும் என்பதே அந்த விடை. எல்லாம் அறிந்தவன், எல்லாவற்றையும் தானே உபதேசித்து முடித்திருக்கலாம். அங்ஙனம் செய்யாமல், உனக்கு வேண்டியதை அறிந்தவர் இன்னார், அவரிடம் செல் என்று வழிகாட்டினான். தக்க ஆளைத் தேடிச் சேர்வது சமய வாழ்வுக்குப் புறம்பான வெறும் உலகியல் காரியம் என்று எண்ணுவோர் இந்த ஆறாவது வார்த்தையின்முன் சற்று நின்று சிந்திக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூவிருந்தவல்லியிலிருந்து, இராமானுசர் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிப் பக்கம் செல்லும் திசையில்தான் இன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் 1998-இல் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசானும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் எழுந்தன. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமங்கள் ஒரு தலைமுறைக்குள் தொழிற்பேட்டைகளாயின. வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்குவதற்கென்று கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்பதிலிருந்தே இங்கு வந்து சேர்ந்த ஜனத்திரளை ஒருவாறு ஊகிக்கலாம். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்த இவ்விளைஞர்களில் பலர், கம்பெனி பஸ் கிடைக்காத வேளைகளில், இரவு ஷிப்ட் முடிந்த கண்ணயர்வோடு, வல்லக்கோட்டை முருகன் கோயிலைக் கடந்து செல்லும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வாகனங்களில் வீடு திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவன் விழுந்தால் தரையில் முதலில் மோதுவது பெரும்பாலும் அவன் முகம்.

முகத்தில் அடிபட்டவனுக்கு இங்கு வழக்கமாக நிகழ்வதைச் சொல்கிறேன். அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் இரத்தத்தை நிறுத்தி, மோவாயில் கிழிந்த இடத்திற்குத் தையல் போட்டு, தலைக்கு ஸ்கேன் எடுத்து, மூளைக்கு அபாயம் இல்லையென்று கண்டு அனுப்பிவிடுகிறார்கள். உயிரைக் காப்பதே முதற் கடமையாதலின் அதில் குறைசொல்ல இடமில்லை. ஆனால் வீக்கம் வடிந்தபின் அவன் சோற்றை மெல்ல முயல்கிறான். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் ஒன்றன்மேல் ஒன்று வந்து அமரவில்லை. கீழுதடு மரத்துக் கிடக்கிறது. வாய் கோணித் திறக்கிறது. காரணம் எளிது. கீழ்த்தாடை குதிரை லாடம் போல் வளைந்து, இரு முனைகளும் காதுகளுக்கு முன்னே மண்டையோட்டோடு பொருந்தி நிற்கும் எலும்பு. மோவாயில் விழுந்த அடி அங்கே தங்காமல் வளைவின் வழியே ஏறி, காதின் அருகிலுள்ள மெல்லிய கழுத்துப் பகுதியை முறித்துவிடும். தைத்த இடம் ஒன்று, முறிந்த இடம் வேறொன்று. கண்டறியப்படாத அந்த முறிவு சில வாரங்களில் கோணலாகவே கூடிவிட்டால், பின்னர் அதை மறுபடி வெட்டிச் சீர்செய்ய நேரும். சிறு பிள்ளைகளுக்கு நேர்ந்தாலோ மூட்டு இறுகி வாயே திறவாமற் போவதும், தாடையின் வளர்ச்சி நின்று முகம் விகாரமடைவதும் உண்டு.

இதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. அதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். பல் மருத்துவப் பட்டப் படிப்பை முடித்து, அதன்மேல் மூன்றாண்டு முதுகலையாக வாய், முகம், தாடை ஆகியவற்றின் அறுவை சிகிச்சையைப் பயின்றவர்கள் அவர்கள். முறிந்த தாடையைத் தங்க இழையால் பற்களோடு பற்கள் சேர்த்துக் கட்டும் முறையைக் கிரேக்க வைத்தியரான ஹிப்போகிராத்தஸின் பெயரால் வழங்கும் நூல்களே கூறுகின்றன. பிரான்சில் ரெனே லெ ஃபோர் 1901-இல், நடுமுகத்து எலும்புகள் அடிபட்டால் பெரும்பாலும் மூன்று கோடுகளின் வழியே உடைகின்றன என்று சோதனைகளால் நிறுவினார். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளிலிருந்து முகம் சிதைந்து மீண்ட வீரர்களை இங்கிலாந்தின் சிட்கப் ஆஸ்பத்திரியில் ஹரால்ட் கில்லீஸ் சீர்செய்தபோது, பல் வைத்தியத்தில் வல்லவரான கெல்ஸி ஃப்ரையைத் தம்மோடு துணைசேர்த்துக்கொண்டார். தோலையும் சதையையும் அறிந்தவருக்கு, பற்கள் எப்படி அமரவேண்டும் என்று அறிந்தவரின் துணை இல்லாமல் முகத்தைக் கட்ட முடியவில்லை. இன்று ஓ.பி.ஜி. என்னும் ஒரே எக்ஸ்ரேயில் தாடை முழுவதும் ஒரு காதிலிருந்து மறு காதுவரை தெரிந்துவிடுகிறது. டைட்டானியத் தகடுகளையும் சிறு திருகுகளையும் வாயின் உட்புறத்திலிருந்தே பொருத்திப் பலருக்கு வெளியில் வடுவின்றி முறிவைச் சேர்த்துவிடுகிறார்கள். தகடு பொருத்தத் தேவையில்லாதவர்களுக்குச் சில வாரங்கள் வாயைக் கம்பியால் கட்டிப்போட்டுக் கஞ்சியும் பாலும் கொடுத்துத் தேற்றுகிறார்கள்.

இத்தனை இருந்தும் அடிபட்டவன் அந்த நிபுணரைச் சென்று சேராததற்குக் காரணம், அவன் மனத்தில் அப்படியொரு வைத்தியருக்கு இடமே இல்லாததுதான். எலும்பு என்றால் எலும்பு டாக்டர். பல் என்றால் பல் டாக்டர். பல் டாக்டரின் வேலை பல்லைப் பிடுங்குவதோடு முடிகிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உடைந்த கன்னத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போகலாம் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அவரவர் அறிந்தது அவரவரிடமே கிடைக்கும் என்பதை நம் முன்னோர் நன்றாக உணர்ந்திருந்தனர். இராமானுசர் ஓர் ஆசாரியரோடு நிற்கவில்லை. பெரிய நம்பியிடம் பஞ்ச சம்ஸ்காரம் பெற்றவர், மந்திரார்த்தத்திற்குத் திருக்கோட்டியூர் நம்பியையும், திருவாய்மொழிப் பொருளுக்குத் திருமாலையாண்டானையும், அவர்க்குப்பின் திருவரங்கப் பெருமாளரையரையும், இராமாயணத்திற்குப் பெரிய திருமலை நம்பியையும் தேடிச் சென்றார். உலகம் ஆசாரியராகக் கொண்டாடும் ஒருவர் ஐவரைத் தேடினார் என்பதில் எனக்கு எப்போதும் பெருவியப்பு உண்டு.

இனி, சமய உணர்வுடைய நல்லவர்களே சில சமயம் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. அழியப்போகிற இந்தத் தேகத்தின் அழகைப்பற்றி இவ்வளவு கவலை எதற்கு? உயிர் பிழைத்தான், அது பகவானின் கிருபை. முகம் சற்றுக் கோணினால் என்ன, அது அவன் கர்மம். பகவான்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருக்கவேண்டியதுதானே? மேற்பார்வையாளர் வாயிலும், உறவினர் வாயிலும், நோயாளியின் வாயிலுமேகூட இச்சொல் வருவதைக் கேட்கிறோம். இது பக்தி வார்த்தை போலத் தோன்றுவதால்தான் இதை முறையாக விசாரிப்பது அவசியமாகிறது.

தேகம் வேறு, ஆத்மா வேறு என்பது இராமானுசருக்கும் சம்மதமே. ஆனால் ஸ்ரீபாஷ்யத்தில் அவர் சரீரத்திற்குக் கூறும் இலக்கணம் கவனிக்கத்தக்கது: ஒரு சேதனன் தன் பிரயோஜனத்திற்காக முற்றிலும் தாங்கவும் நியமிக்கவும் கூடியதாய், அவனுக்கே சேஷமாயிருத்தலை இயல்பாக உடையதாய் இருக்கும் திரவியம் எதுவோ அதுவே அவனுக்குச் சரீரம். இந்த இலக்கணத்தில் தேகம் பொய்த்தோற்றமும் அன்று, சிறைக்கூடமும் அன்று. ஆத்மாவின் சங்கற்பத்தைக் காரியமாக்கும் மெய்யான வஸ்து. பேச நினைத்தவனுக்குத் தாடை அசையாவிட்டால், மெல்ல நினைத்தவனுக்குப் பல் கூடாவிட்டால், நியமிப்பவனுக்கும் நியமிக்கப்படுவதற்கும் இடையிலுள்ள அந்தச் சம்பந்தத்திலேயே ஒரு விரிசல் விழுந்துவிட்டது என்று பொருள். முறிவைச் சேர்ப்பவர் அழகுக்கு அடிமைப்பட்டவர் அல்லர். சரீரத்தை மறுபடியும் சரீரமாக்குகிறவர். மேலும், சேதனமும் அசேதனமுமான பிரபஞ்சம் முழுவதுமே நாராயணனுக்குச் சரீரம் என்பதன்றோ விசிஷ்டாத்வைதத்தின் உயிர்நிலை? சரீரத்தின் தோஷம் சரீரியான பரமனைத் தீண்டாது என்று ஆசாரியர் தெளிவாகவே கூறியிருக்கிறார். ஆயினும், அவன் சரீரமாகிய ஒருவனின் துன்பத்தைக் கண்டும் காணாதிருப்பவன் எந்த முகத்தோடு சன்னிதியில் நிற்பது?

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நாம் சேவிக்கும் இராமானுசர் விக்கிரகம், அவர் வாழ்நாளிலேயே சமைக்கப்பட்டு, அவரே தழுவி ஏற்றுக்கொண்டதாகச் சம்பிரதாயம் கூறுவது; தானுகந்த திருமேனி என்று அதற்குப் பெயர். தேகத்தை அருவருத்தவராயின் அவர் தம் உருவத்தை உகந்து தழுவியிருப்பாரா?

கர்மத்தைப்பற்றிய ஆட்சேபத்திற்குக் கூரத்தாழ்வான் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பிறந்த அம்மகான், தம் ஆசாரியருக்கு வந்த ஆபத்தைத் தாம் ஏற்று, சோழன் சபையில் கண்களை இழந்தார். பல்லாண்டுகள் கழித்து இருவரும் மீண்டும் கூடியபோது இராமானுசர், இது உன் பிராரப்தம், பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. வரம் தரும் வரதனிடம் சென்று கண்ணைக் கேள் என்று நியமித்தார். ஆழ்வானோ வரதன் முன் நின்று, தமக்குக் கண் இழப்பு நேரக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தமக்குக் கிட்டும் நற்கதி கிட்டவேண்டுமென்று வேண்டிக்கொண்டார். இந்த இரண்டு உள்ளங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தன் தேகத்தைப்பற்றி உதாசீனமாயிருக்கும் உரிமை ஆழ்வானுக்கு இருந்தது. ஆழ்வானின் தேகத்தைப்பற்றி உதாசீனமாயிருக்கும் உரிமை தமக்கு உண்டென்று இராமானுசர் கருதவில்லை. வைராக்கியம் என்பது அவரவர் தம் சரீரத்தின்மேல் மட்டும் செலுத்தத்தக்க ஓர் ஆயுதம். பிறன் சரீரத்தின்மேல் அதைச் செலுத்துவது கொடுமை; அதற்குத் தத்துவத்தின் பெயரைச் சூட்டினாலும் கொடுமையே. அடிபட்ட தொழிலாளி தானே, எனக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொன்னாலும், வைராக்கியத்தால் சொல்கிறானா, சம்பளம் போய்விடும் என்ற பயத்தால் சொல்கிறானா என்று விசாரிக்கும் கடமை பக்கத்தில் இருப்பவர்களுக்கு உண்டு.

பாரத்தைப் பகவான்மேல் போட்டுவிட்டபின் வைத்தியரைத் தேடுவது சரணாகதிக்குக் குறைவாகாதா என்பது அடுத்த கேள்வி. பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்ட அனுமனை அரக்கர்கள் சாதாரணக் கயிற்றாலும் கட்டியவுடன் அஸ்திரம் தானே நெகிழ்ந்துவிட்டதைக் காட்டி, சரணாகதியாகிய பிரபத்தியோடு வேறு உபாயம் சேரக்கூடாதென்று பெரியோர் உபதேசித்திருப்பது உண்மை. ஆனால் அந்த நிபந்தனை மோட்சோபாயத்தைப் பற்றியது. பிரபன்னன் பசித்தால் உண்கிறான், மழை பெய்தால் ஒதுங்குகிறான், விதைக்கும் காலத்தில் விதைக்கிறான். இவற்றால் அவன் பிரபத்தி கெடுவதில்லை. அந்த அனுமனின் பாலப் பருவக் கதையையே நினைத்துக்கொள்வோம். இந்திரனின் வச்சிரம் பட்டுத் தாடை முறிந்து மலைமேல் விழுந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாயு பகவான் குகைக்குள் புகுந்துவிட, மூவுலகும் மூச்சடைத்துத் தவித்தது; பிரம்மன் முதலான தேவர்கள் அனைவரும் அந்தக் குழந்தை இருந்த இடத்தைத் தேடி ஓடிவந்தார்கள். விதி என்று சொல்லி ஒரு தேவனும் ஒதுங்கவில்லை. தாடை அடிபட்ட அந்தப் பாலனே பிற்காலத்தில் கிஷ்கிந்தா காண்டத்தில் இராமபிரான் வியந்து போற்றும் பேச்சுக்கு உரியவன் ஆனான்.

வாயைக் கட்டிப்போட்ட காலத்தில் நாமம் சொல்லக்கூட நா எழவில்லையே என்று ஏங்கும் பக்தனுக்கு, மரண காலத்து நினைவையே வற்புறுத்தாத நான்காவது வார்த்தை போதிய ஆறுதல். அவனைக் கவனிக்கவேண்டியவர்களுக்கோ ஆறாவது வார்த்தைதான் உரியது.

இப்படியெல்லாம் சொல்வது பழைய பக்தியின்மேல் புதிய கருத்தை ஏற்றுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். அவர்கள் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் சென்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டைக் காணவேண்டும். வீரராசேந்திர சோழன் காலத்தது அது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. இராமானுசர் ஐம்பது வயதை ஒட்டியிருந்த காலம். அக்கோயிலைச் சார்ந்து ஒரு வேத பாடசாலையும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயருடைய ஆதுலர் சாலையும் இருந்தன. 15 நோயாளிகள் படுக்க இடம், ஒரு வைத்தியர், அவரோடு, சல்லியக் கிரியை செய்வதற்கென்றே தனியாக ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளியைப் பேணும் பெண்கள், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் எல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பதினைந்து பேருக்கு ஒரு வைத்தியர் இருக்க, அறுவைக்கு வேறொருவர் எதற்கு என்று அக்காலத்தவர் கேட்கவில்லை. மேலும் அது அங்குப் பயின்றவர்களுக்கும் கோயிற்பணி செய்தவர்களுக்குமாக நிறுவப்பட்ட சாலை. வேலை செய்கிறவனின் உடம்பைக் காப்பது வேலை வாங்கும் ஸ்தாபனத்தின் தர்மம் என்ற கொள்கை, தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948-இல் பிறப்பதற்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பாலாற்றங்கரையில் கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

அந்தச் சட்டத்தால் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 0.75-உம், முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 3.25-உம் செலுத்தப்படுகின்றன. இ.எஸ்.ஐ. அட்டை பையில் இருந்தும், அதைக்கொண்டு யாரிடம் போவது என்று அறியாதவர் எத்தனையோ பேர். சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்கு இதை யார் அவன் பாஷையில் சொன்னார்கள்? 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம்பிகளின் பூவிருந்தவல்லியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலும் போரூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் முகத்தாடை அறுவைக்கென்று தனித் துறைகள் உண்டு. தூரம் பெரிதன்று. தெரியாமையே பெரிது.

திருக்கோட்டியூரில் பலமுறை அலைந்து பெற்ற மந்திரப் பொருளை, கோபுரத்தின்மேல் ஏறி நின்று ஊரறியச் சொல்லிவிட்ட இராமானுசர் பிறந்த மண் இது. அரிய அறிவு ஒரு சிலர் கையில் அடங்கிக் கிடக்கலாகாது என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. ஆறாவது வார்த்தையைச் சிரமேற்கொண்டு இராமானுசர் திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டபோது, பெரிய நம்பியும் அவரை நாடி அங்கிருந்து புறப்பட்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கோயிலில் சந்தித்தார்கள். அங்கேயே மகிழ மரத்தடியில் உபதேசமும் நடந்தது. தேடுகிறவன் பாதி வழி நடந்தால், தேடப்படுகிறவர் மற்றப் பாதியை நடந்து வரவேண்டும் என்பதை இதைவிட அழகாக எந்த வரலாறும் காட்டவில்லை. ஆகவே கம்பெனி நிர்வாகங்களையும், ஈட்டுறுதிக் கழகத்தையும், அந்தக் கல்லூரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: 108 என்ற எண்ணை எழுதிவைத்திருக்கும் ஒவ்வொரு தொழிற்சாலை வாயிலிலும், விடுதிச் சுவரிலும், முகத்தில் அடிபட்டால் செல்லவேண்டிய முகத்தாடை அறுவைத் துறையின் பெயரையும் முகவரியையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வையுங்கள், குறித்த நாட்களில் நிபுணர் ஒருவரை இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ, பக்கத்து அறையிலோ முகத்தில் அடிபட்டவர் இருந்தால், தையல் போட்டாயிற்று என்பதோடு விட்டுவிடாதீர்கள். பல்லைக் கடிக்கச் சொல்லிப் பாருங்கள். முன்போல் சேரவில்லை என்றாலும், கீழுதடு மரத்திருந்தாலும், நாக்கின் அடியில் இரத்தம் கட்டியிருந்தாலும், வாய் சரியாகத் திறக்காவிட்டாலும், முகத்தாடை அறுவை நிபுணர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, தாடையை எக்ஸ்ரே எடுக்கச் செய்யுங்கள். முழுப் பல் கழன்று விழுந்திருந்தால் அதன் வேரைத் தேய்க்காமல், பாலில் போட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். தாடை முறிவுக்கு முதல் சில நாட்களே உகந்த காலம்; இரண்டு வாரம் கடக்க விடாதீர்கள்.